பூமியின் போர்வையும் நமது கணக்கும்

வானம் தெளிந்திருக்கும் தை மாதத்து இரவில் திண்ணையில் படுத்தவன் விடியற்காலையில் குளிர் தாளாமல் விழித்துக்கொள்கிறான். மேகம் மூடிய இரவில் அதே திண்ணையில் படுத்தவன் புழுக்கம் பொறாமல் விசிறியைத் தேடுகிறான். பகலில் காய்ந்த வெயில் இரண்டு நாட்களிலும் ஒன்றாகவே இருந்திருக்கலாம். பின் வேற்றுமை எதனால் வந்தது? தெளிந்த இரவில் நிலம், தான் பகலில் வாங்கிய உஷ்ணத்தை ஆகாயத்தினூடே வெளியே விட்டுவிடுகிறது. மேகம் மூடிய இரவில் அவ்வாறு எளிதில் விடமுடிவதில்லை. நமது குடியானவர்கள் யாவரும் அனுபவத்தில் அறிந்த இச்சிறு விஷயத்தில், இன்று உலகத்தைக் கலக்கிக்கொண்டிருக்கும் பெரிய விஷயம் ஒன்றின் வித்து அடங்கியிருக்கிறது.

அறிஞர்கள் அதற்குப் பசுமைக்குடில் விளைவு என்று பெயரிட்டிருக்கிறார்கள். கண்ணாடிக் குடில் என்பது குளிர் தேசத்தார் செடி வளர்ப்பதற்குக் கட்டும் வீடு. நம்மவரிற் பலர் அதை உதகமண்டலத்துப் பூங்காவில் பார்த்ததோடு சரி. அன்றியும் அவ்வுவமை முற்றும் பொருந்துவதுமன்று. குடிலுக்குள் உஷ்ணம் தங்குவதற்கு முக்கிய காரணம், உள்ளிருக்கும் சூடான காற்று வெளியேறாதபடி கண்ணாடி தடுப்பதே. ஆதலால் நாம் இதைப் போர்வை என்றே சொல்லுவோம்.

இப்போர்வை ஆண்டுதோறும் தடித்துவருகிறது. அதைத் தடிக்கச் செய்தவர் யார், அதனால் வாடுகிறவர் யார், பரிகாரச் செலவைத் தாங்கவேண்டியவர் யார் என்னும் வழக்கு பல ஆண்டுகளாகச் சர்வதேச மன்றங்களில் நடந்துவருகிறது. அவ்வழக்கில் நமது தேசம் நெடுங்காலமாக வாதியாக நிற்கிறது. இப்பொழுது பிரதிவாதியாகவும் நிற்கத் தொடங்கியிருக்கிறது. விஷயத்தை அறியாதவன் வழக்காடமுடியாது. தன் வீட்டுக் கணக்கை எழுதாதவன் அயலானிடம் கணக்குக் கேட்கவும் முடியாது. இவ்விரண்டையும் நேயர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போர்வை வேலை செய்யும் விதம்

சூரியனுடைய ஒளியிற் பெரும்பகுதி காற்று மண்டலத்தைக் கடந்து நிலத்தையும் கடலையும் அடைகிறது. அவை சூடேறுகின்றன. சூடேறிய எப்பொருளும் தான் பெற்றதைக் கண்ணுக்குப் புலப்படாத உஷ்ணக் கதிர்களாகத் திருப்பி வீசும். சூளையிலிருந்து எடுத்த செங்கல் ஒளிவிடாமற் போனபின்னும் அருகில் நிற்பவன் முகத்தில் அனல் அடிப்பது இதனாலேயே. பூமி வீசும் இந்த உஷ்ணக் கதிர்கள் வெளியேறும் வழியில்தான் தடை ஏற்படுகிறது. உலர்ந்த காற்றில் நூற்றுக்கு 99 பங்கு நைட்ரஜனும் பிராணவாயுவுமே. அவை இக்கதிர்களைத் தடுப்பதில்லை. எஞ்சிய சொற்பத்தில் அடங்கிய கரியமிலவாயு, மீதேன் முதலியவையும், காற்றிற் கலந்துள்ள நீராவியும் அவற்றைப் பற்றிக்கொண்டு, ஒரு பகுதியை மறுபடியும் கீழ்நோக்கி அனுப்பிவிடுகின்றன.

போர்வை தானாக உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. உடம்பின் உஷ்ணம் விரைவில் போய்விடாதபடி தாமதப்படுத்துகிறது, அவ்வளவே. பூமிக்குள்ள போர்வையும் அப்படித்தான். அது நமக்குத் தீங்கானதன்று. அது இல்லாவிடில் பூமியின் சராசரி உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருக்கும். அது இருப்பதால் ஏறக்குறைய 15 டிகிரியாக இருக்கிறது. இடையிலுள்ள 33 டிகிரியில்தான் நெல் விளைகிறது, மனிதன் வாழ்கிறான். சந்திரன் சூரியனிலிருந்து ஏறக்குறைய நமக்குள்ள தூரத்திலேயே இருந்தும், காற்றுப் போர்வை இல்லாமையால் பகலில் கொதிநீரினும் அதிகமாகச் சுடுகிறது. இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 100 டிகிரிக்கும் அப்பால் குளிர்ந்துவிடுகிறது. சுக்கிரனோ பெரும்பாலும் கரியமிலவாயுவாலான கனத்த போர்வையைப் போர்த்துக்கொண்டு, சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள புதனைக் காட்டிலும் அதிகமாகக் கொதிக்கிறது. ஈயம் அங்கே உருகி ஓடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது ஆகாயத்துக்கும் பொருந்துகிறது.

இங்கே ஒரு முக்கியமான வேற்றுமையைக் கவனிக்கவேண்டும். நீராவி சில நாட்களில் மழையாக விழுந்துவிடும். கரியமிலவாயு அப்படியன்று. இன்று ஒரு புகைபோக்கியிலிருந்து வெளிவந்த கரியமிலவாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றிலேயே தங்கிநிற்கும். ஆதலின் பாட்டன் எரித்த நிலக்கரி பேரனுடைய பேரனையும் சுடும். மேலும், உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் காற்று நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு அதிக நீராவியைத் தாங்கவல்லதாகிறது. நீராவியும் போர்வையே ஆதலால், கரியமிலவாயு தொடங்கிவைத்த உஷ்ணத்தை அது பெருக்கிவிடுகிறது.

அறிந்தே நிகழ்ந்த காரியம்

இவ்வுண்மை நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. பிரான்சு தேசத்துக் கணித மேதை பூரியே, காற்று மண்டலம் பூமியின் உஷ்ணத்தைக் காக்கிறதென்று 1824-லேயே எழுதினார். 1856-ல் அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் பூட், கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்து, கரியமிலவாயு அடைத்த குழாயே மற்றவற்றினும் அதிகமாகச் சூடேறுவதைக் கண்டார். இவ்வாயு காற்றில் மிகுந்தால் பூமியின் உஷ்ணமும் மிகும் என்று அப்பெண்மணி அன்றே கூறினார். 1859-ல் லண்டனில் ஜான் டிண்டால், இவ்வாயுக்கள் உஷ்ணக் கதிர்களை எவ்வளவு தடுக்கின்றன என்பதைக் கருவி கொண்டு அளந்தார். 1896-ல் சுவீடன் தேசத்து அரேனியஸ், கரியமிலவாயு இரட்டித்தால் உஷ்ணம் 5 அல்லது 6 டிகிரி ஏறும் என்று கையாலேயே கணக்கிட்டார். இக்காலத்து ஆராய்ச்சிகள் கூறும் தொகை அதனினும் சற்றுக் குறைவு. எனினும் கணக்கின் போக்கில் பிழையில்லை. 1938-ல் ஆங்கிலேயப் பொறியியல் நிபுணர் காலண்டர், பல தேசங்களின் உஷ்ணமானிக் குறிப்புகளைத் திரட்டி, பூமி சூடேறத் தொடங்கிவிட்டதென்றும், மனிதன் எரித்த கரியே அதற்குக் காரணமென்றும் அறிவித்தார்.

அரேனியஸும் காலண்டரும் இந்த உஷ்ணத்தை ஒரு நன்மையாகவே கருதினார்கள் என்பது நாம் மறக்கத்தகாத செய்தி. பனியில் நடுங்கும் வடதேசங்களில் பயிர் நன்றாக விளையும் என்று அவர்கள் எண்ணினர். அதில் வஞ்சகம் ஒன்றுமில்லை. குளிரில் நடுங்குகிறவனுக்கு அடுப்பு இன்பமாகவே தோன்றும். ஆனால் முன்னமே சூட்டில் வாடும் கோடிக்கணக்கான ஜனங்கள் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

1958 முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் தொடங்கிய அளவை இன்றளவும் நடந்துவருகிறது. அப்பொழுது காற்றின் 10 லட்சம் பங்கில் கரியமிலவாயு ஏறக்குறைய 315 பங்கு. 2024-ல் 420-க்கும் மேல். யந்திர ஆலைகள் தோன்றுமுன் அது 280 பங்கு அளவில் இருந்தது. தென்துருவப் பனிக்கட்டியில் சிறைப்பட்ட பழங்காற்றை ஆராய்ந்ததில், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் அது 300 பங்கைத் தாண்டியதாகக் காணவில்லை.

இது இயற்கையாகவே நேர்ந்ததாகாதா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. அதற்கு இரண்டு விடைகள் உண்டு. கதிரியக்கமுடைய ஒருவகைக் கரி, உயிருள்ள மரத்திலும் விலங்கிலும் சிறிதளவு இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதையுண்டு கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அடியோடு அழிந்திருக்கும். காற்றிலுள்ள கரியமிலவாயுவில் அவ்வகைக் கரியின் விகிதம், புதைகரிப் புகை கலந்ததால் நீர்த்துப்போயிருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். இனி, சூரியனே அதிகமாகக் காய்ந்திருந்தால் காற்று மண்டலம் மேலும் கீழும் சூடேறியிருக்கவேண்டும். நிகழ்ந்ததோ வேறு: அடிப்பகுதி சூடேற, மிக உயர்ந்த அடுக்கு குளிர்ந்துவருகிறது. உஷ்ணம் போர்வைக்குக் கீழே தங்கிவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை. 2024-ல் பூமியின் சராசரி உஷ்ணம், 1850 முதல் 1900 வரை இருந்ததற்கு மேல் ஏறக்குறைய 1.55 டிகிரி என்று உலக வானிலை நிறுவனம் மதிப்பிட்டது.

ஒன்றரை டிகிரி என்ன பிரமாதம் என்று எண்ணலாகாது. இது உலகமெங்கும் வருஷமெங்கும் கூட்டிப் பார்த்த சராசரி. ஒரு நாளில் ஓர் ஊரில் நிகழ்வது இதனினும் மிகக் கொடியதாகும். 2010 மே மாதத்து அனலில் ஆமதாபாத் நகரில் மட்டும் வழக்கத்தினும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அதிகமாக மாண்டனர். 2023 டிசம்பரில் தூத்துக்குடி ஜில்லாவின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இன்ன மழைக்கு இன்னதே முழுக்காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. சூடேறிய ஆகாயம் அதிக நீரைச் சுமக்கும், சுமந்ததை ஓரிடத்தில் கொட்டும் என்பதை மட்டும் நினைப்பூட்டுகிறோம். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். உஷ்ணமும் ஈரமும் சேர்ந்த காற்றில் அது உலராது. நிழலில் அமர்ந்து எழுதும் நம் போன்றவர்கள் தப்பிக்கலாம். நாற்று நடுகிறவளும், உப்பளத்தில் உழைக்கிறவனும், சாலையில் கல் பரப்புகிறவனும் எங்கே ஓடுவார்கள்?

வயல்மீது வந்த பழி

நிற்க. இனி வழக்குக்கு வருவோம். 1990-ல் வாஷிங்டனிலுள்ள உலக வள நிறுவனம், பூமியைச் சூடேற்றும் தேசங்களின் ஜாபிதா ஒன்றை வெளியிட்டது. அதில் இந்தியா, சீனா, பிரேசில் ஆகியவை முதல் ஐந்து தேசங்களுள் வைக்கப்பட்டன. ஒவ்வொரு வீட்டிலும் மோட்டார் வண்டி நிற்கும் நாடும், விறகுக்கு அலையும் நாடும் ஏறக்குறைய ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டது எப்படி? நமது நெல் வயல்களிலும் மாட்டுத் தொழுவங்களிலும் உண்டாகும் மீதேன் வாயு அக்கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தது. அன்றியும், கடலும் காடும் ஆண்டுதோறும் உறிஞ்சிக்கொள்ளும் வாயுவை ஒவ்வொரு தேசத்துக்கும் கழித்துக் கொடுக்கையில், ஜனத்தொகைப்படி பங்கிடாமல், அதிகமாகப் புகைவிட்டவனுக்கு அதிகக் கழிவு கிடைக்கும்படி பங்கிட்டிருந்தார்கள்.

இதற்கு மறுப்பாகத் தில்லியிலுள்ள விஞ்ஞான சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டனர். உயிர் வாழ்வதற்காக வெளிப்படும் வாயு வேறு, சுகபோகத்துக்காக வெளிப்படும் வாயு வேறு என்று அவர்கள் எடுத்துக்காட்டினர். கடலும் காடும் மனிதகுலம் முழுவதற்கும் பொதுச்சொத்து. தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டால் இந்தியாவும் சீனாவும் அன்றைய நிலையில் தம் பங்கைத் தாண்டவில்லை என்பது அவர்களுடைய வாதம். உலைநீருக்கான நெல்லையும் உல்லாசப் பயணத்துக்கான எண்ணெயையும் ஒரே தராசில் போடலாகாது என்பது சாமானிய நியாயந்தானே!

அளந்து சொன்ன பதில்

ஆனால் வாதத்தோடு நம்மவர் நின்றுவிடவில்லை. நாம் மிகவும் போற்றுவது இதற்குப் பின் நிகழ்ந்த காரியத்தையே. நெல் வயலில் மீதேன் உண்டாவது பொய்யன்று. வயலில் நீர் தேங்கிநின்றால் மண்ணுக்குள் பிராணவாயு செல்லாது. அந்நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் மக்கிய பொருள்களைத் தின்று மீதேனை வெளிவிடும். அது நெற்பயிரின் தண்டு வழியாகவே காற்றில் கலக்கும். கேள்வி எவ்வளவு என்பதே. இந்திய வயல்களிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 3 கோடியே 70 லட்சம் டன் வெளிவருவதாக அமெரிக்காவிலிருந்து ஒரு மதிப்பீடு வந்தது. அது நமது வயல்களில் அளந்த கணக்கன்று. மேல்நாட்டு வயல்களில் அளந்ததை நமது வயல்களின் பரப்பால் பெருக்கிய கணக்கு.

தில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் ஏ. பி. மித்ரா அவர்களின் தலைமையில் நமது விஞ்ஞானிகள் 1991-ல் தேசத்தின் பல பாகங்களிலும் வயலில் இறங்கினார்கள். பயிரின்மேல் பெட்டி கவிழ்த்து, அதில் திரளும் வாயுவை எடுத்து அளந்தார்கள். கிடைத்த தொகை ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன். அதாவது சாட்டப்பட்டதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. நமது வயல் மண்ணில் மக்கிய பொருள் குறைவு. பல வயல்கள் மானாவாரியாகவும், இடையிடையே காய்வனவாகவும் இருக்கின்றன. இதை அறிய வயலில் கால் வைக்கவேண்டியிருந்தது.

இந்நிகழ்ச்சியில் நமக்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. அநியாயமான குற்றச்சாட்டு வந்தபோது நமது அறிஞர்கள் கூச்சலிட்டு ஓயவில்லை. விஞ்ஞானத்தையே பொய்யென்று தள்ளவுமில்லை. அளந்தார்கள், அளந்ததை உலகத்தின்முன் வைத்தார்கள், உலகம் ஒப்புக்கொண்டது. தேசாபிமானம் என்பது இதுதான்.

நமது வீட்டுக் கணக்கு

அதே அளவுகோலை இன்று நம்மீதும் வைத்துப் பார்ப்போம். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து இதுவரை உலகம் வெளியிட்ட கரியமிலவாயு முழுவதிலும் அமெரிக்காவின் பங்கு ஏறக்குறைய நாலில் ஒன்று. இந்தியாவின் பங்கு நூற்றில் நான்குக்கும் குறைவு. இன்றும் ஓர் இந்தியனுக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன். ஓர் அமெரிக்கனுக்குச் சுமார் 14 டன். 1992-ல் ரியோ டி ஜெனிரோ நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை, பொறுப்பு யாவருக்கும் பொது, ஆனால் சமமன்று என்று ஒப்புக்கொண்டது வெறும் தயவன்று, நியாயமே. இந்நிலையில், 2024-ல் பாகு மகாநாட்டில் ஏழைத் தேசங்களுக்காக 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று வாக்களித்தது, அத்தேசங்கள் கேட்டதில் சிறு பகுதியே. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து இரண்டாம் முறையாக விலகுவதாக அறிவித்ததை, கடன்பட்டவன் பஞ்சாயத்தை விட்டு எழுந்துபோவதற்கு ஒப்பாகவே நாம் கருதுகிறோம்.

ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் படிக்கவேண்டும். ஆண்டுக்கணக்கில் பார்த்தால், கரியமிலவாயு வெளியிடும் தனித்தேசங்களுள் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்தபடி இன்று நிற்பது நமது தேசமே. தலைக்கு 2 டன் என்பதும் ஒரு சராசரிதான். அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கும் மூதாட்டியும், அறைக்கு ஒரு குளிர்சாதனமும் ஆளுக்கு ஒரு காரும் வைத்திருக்கும் செல்வரும் அந்தச் சராசரிக்குள் ஒன்றாக அடங்கிவிடுகிறார்கள். சர்வதேச மன்றத்தில் அம்மூதாட்டியின் பெயரைச் சொல்லி வாதாடிவிட்டு, வீடு திரும்பி அச்செல்வருடைய வசதிக்கே வழி தேடினால், 1991-ல் நாம் சொன்ன நியாயம் நம்மையே குத்தும். உயிர் வாழ்வதற்கான வாயு வேறு, சுகபோகத்துக்கான வாயு வேறு என்பது தேசங்களுக்கிடையே மட்டுமன்று. ஒரு தேசத்துக்குள்ளும் உண்மையே.

முடியும் என்பதற்குச் சான்று

இவ்வளவு பெரிய காரியத்தில் உலகம் ஒன்றுபடுமா என்று அவநம்பிக்கை கொள்வோர் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய செய்தியைச் சொல்லுவோம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்ற வீரபத்ரன் ராமநாதன் என்னும் இளைஞர், முதலில் செகந்தராபாத்தில் குளிர்ப்பெட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பெட்டிகளிலிருந்து குளிர்விக்கும் வாயு கசிவதேன் என்று ஆராய்வது அவர் வேலை. பின்னர் அமெரிக்கா சென்று ஆராய்ச்சியில் ஈடுபட்ட அவரே, குளோரோபுளூரோகார்பன் என்னும் அவ்வினத்து வாயுவின் ஒரு மூலக்கூறு கரியமிலவாயுவின் பதினாயிரம் மூலக்கூறுகளுக்கு மேலாகப் பூமியைச் சூடேற்றவல்லது என்று 1975-ல் உலகுக்கு அறிவித்தார்.

ஓசோன் படலத்தையும் அரித்துவந்த அவ்வாயுக்களை ஒழிப்பதற்கு 1987-ல் மாண்ட்ரியால் நகரில் உடன்படிக்கை ஏற்பட்டது. செல்வத் தேசங்கள் முதலில் நிறுத்தின. ஏழைத் தேசங்களுக்குப் பத்தாண்டு தவணை அளிக்கப்பட்டது. மாற்றுத் தொழில் முறைக்கு வேண்டிய பணத்தைச் செல்வத் தேசங்கள் ஒரு நிதியாகத் திரட்டிக் கொடுத்தன. நாமும் சொன்னபடி நிறுத்தினோம். கரியை விடுவது அதனினும் பன்மடங்கு கடினம் என்பதில் ஐயமில்லை. எனினும் முறை அதுவே: செய்தவன் முந்துக, இருப்பவன் கொடுக்க, யாவரும் செய்க.

செய்யவேண்டியது

நமது தேசம் ஒன்றுமே செய்யவில்லை என்பது பொய். 2070-க்குள் நிகரக் கணக்கில் கரியமிலவாயுவைப் பூஜ்யமாக்குவதாக 2021-ல் கிளாஸ்கோவில் அறிவித்திருக்கிறோம். மின்சார உற்பத்திக்காக நிறுவியுள்ள சக்தியில் பாதி, 2025-ல் புதைகரி அல்லாத வழிகளிலிருந்து வருவதாயிற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் சுழல்வதை நம்மில் பலர் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆனால் நிறுவிய சக்தி வேறு, உண்மையில் உண்டாகும் மின்சாரம் வேறு; பின்னதில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. இதை மறைத்துப் பெருமை பேசுவதில் பயனில்லை. அன்றியும், சுரங்கத்தில் உழைக்கும் தொழிலாளிக்கு வேறு பிழைப்பு காட்டாமல் சுரங்கத்தை மூடுவதும் நியாயமாகாது.

வயலிலும் செய்யத்தக்கது உண்டு. அது நமக்குப் புதிதுமன்று. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையை நமது உழவர் அறிவர். இடையிடையே வயலைக் காயவிட்டால் மண்ணுக்குள் பிராணவாயு செல்லும், மீதேன் பெரிதும் குறையும், நீரும் மிச்சமாகும். பிறர் பழி சுமத்தியபோது மறுத்தது எவ்வளவு சரியோ, நமக்கே நன்மையானதை யாரும் சொல்லாமலே செய்வதும் அவ்வளவு சரி. உழவர் விரும்பும் நாளில் பாய்ச்சவும் நிறுத்தவும் வாய்க்காலில் நீர் வேண்டும். அதற்கு அரசாங்கம் பொறுப்பேற்கவேண்டும். 2010-ல் அடிபட்ட ஆமதாபாத் நகரம், 2013-ல் அனல் காலத்துக்கென்று ஒரு திட்டம் வகுத்து, முன்னெச்சரிக்கையும் குடிநீரும் ஆஸ்பத்திரி ஆயத்தமும் ஏற்படுத்தியது. அத்தகைய திட்டம் ஒவ்வொரு நகரசபையிலும், காகிதத்தில் மட்டுமன்றிக் காரியத்திலும் இருக்கவேண்டும். வெளியில் வேலை செய்வோர்க்கு உச்சி வெயிலில் ஓய்வும், அந்த ஓய்வுக்குக் கூலி பிடிக்காத சட்டமும் வேண்டும்.

பூமியின் போர்வையை நெய்தவர்கள் பெரும்பாலும் வேறு நாட்டார். அதற்குள் அகப்பட்டுப் புழுங்குகிறவர்களில் பெருந்தொகையினர் நம்மவர். இந்த உண்மையை எந்த மன்றத்திலும் கூசாமல் எடுத்துரைப்போம். அவ்வாறு உரைக்கும்போது நமது கையில் நமது சொந்தக் கணக்கும் திருத்தமாக எழுதி இருக்கட்டும். அடுத்த தலைமுறை நம்மைக் கேட்கப்போவது, யார்மேல் குற்றம் என்று நீங்கள் நிரூபித்தீர்களா என்று மட்டுமன்று. அறிந்தபின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்றுங்கூடத்தான்.